ஸ்கேன் நார்மல் என்று வந்தபின்: சைக்கோசிஸின் தொடக்கத்தில் மூளையில் என்ன மாறுகிறது?

பாம்பனுக்கு அருகிலுள்ள ஒரு மீனவர் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 21 வயது. ஏழு மாதங்களாக, கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்ப்பவர்கள்கூடத் தன்னைப் பற்றியே சாடை பேசுகிறார்கள் என்கிறான். ஆளில்லாத வீட்டில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்லி எழுந்து வாசலுக்குப் போகிறான். தூக்கம் குறைந்து, படகுக்குப் போவதும் நின்றுவிட்டது. மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. "மூளையில் ஒன்றும் இல்லையென்றால் இது காத்துக் கருப்புதான், ஏர்வாடிக்குக் கூட்டிப் போவோம்" என்கிறார் அம்மா. பெரியப்பா மகனோ கைப்பேசியில் படித்துவிட்டு, இந்த நோயில் மூளை சுருங்கும் என்றும், மாத்திரை அதை மேலும் சுருக்கும் என்றும் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார். யார் சொல்வது சரி, மாத்திரையை நிறுத்திவிடலாமா, தம்பி மறுபடி கடலுக்குப் போக முடியுமா என்பவை அந்தச் சகோதரியின் கேள்விகள்.

இந்தக் கடற்கரையில் நெடுநாளாக மனநல மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: நீங்களாக நிறுத்த வேண்டாம். மற்றபடி, உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டும் சரி, அவனுக்கு இருக்கும் நோயும் மெய். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சைக்கோசிஸ் என்பது ஒரே நோயின் பெயரன்று. இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் அசைக்க முடியாத நம்பிக்கையாக இறுகிப்போவது, சிந்தனை கோவை இழப்பது ஆகியவை சேர்ந்த ஒரு நிலைக்கு அந்தப் பெயர். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் அது வரும். இருதுருவ மனநோயிலும், கடுமையான மனச்சோர்விலும், கஞ்சா போன்ற போதைப் பொருள்களாலும் வரும். முதன்முறை இந்த நிலைக்கு வருகிற எல்லோருக்கும் பின்னாளில் மனச்சிதைவுதான் என்று முடிவாவதில்லை. பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் இது தொடங்குகிறது. மூளை தன் வளர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் வயதும் அதுவே.

மூளையின் அமைப்பில் மாற்றம் இருக்கிறது என்று உயிரோடிருப்பவர்களிடம் முதலில் காட்டியது 1976இல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு. ஈவ் ஜான்ஸ்டன், டிம் க்ரோ ஆகியோரின் குழு, அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேன் கருவியைக் கொண்டு, பல ஆண்டுகளாக மனச்சிதைவுடன் மருத்துவமனையில் இருந்தவர்களைப் படம் எடுத்துப் பார்த்தது. மூளைக்கு நடுவே தெளிந்த நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அந்த நீரறைகள் மற்றவர்களைக் காட்டிலும் இவர்களுக்குப் பெரிதாக இருந்தன. நீரறை பெரிதாக இருக்கிறதென்றால், அதைச் சுற்றியுள்ள மூளைத்திசு அந்த அளவு குறைவாக இருக்கிறது என்று பொருள். ஆனால் அவர்கள் நெடுங்கால நோயாளிகள். நோய் தொடங்கும்போதே இந்த வேறுபாடு இருந்ததா, பிறகு ஏற்பட்டதா என்ற கேள்வி அப்படியே நின்றது. முதல் முறை நோய் கண்டவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் பெருகியது அதன் பிறகுதான். 2006இல் அப்படிப்பட்ட 52 ஆய்வுகளை, அவற்றிலிருந்த 1,424 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடக்க நிலையிலேயே மூளையின் மொத்தக் கனஅளவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் அளவும் சராசரியில் சற்றுக் குறைந்தும், நீரறைகள் சற்றுப் பெருத்தும் இருந்தன.

ஹிப்போகாம்பஸ் என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அது கடற்குதிரைக்கான கிரேக்கப் பெயர். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வலையில் ஏறும் அதே கடற்குதிரைதான். பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால் பிடிக்கக் கூடாது என்று நம் மீனவர்கள் எல்லோருக்கும் தெரியும். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ஒருவர், காதுக்கு உட்புறமாக மூளையின் அடியில் சுருண்டு கிடக்கும் அந்தப் பகுதி கடற்குதிரையின் உடல்போல் வளைந்திருப்பதைக் கண்டு அப்பெயரை வைத்தார். புதிய நினைவுகளைப் பதிய வைப்பதும், நடப்பதை முன்பு நடந்ததோடு ஒப்பிட்டு இது புதிது, இது பழகியது என்று பிரித்துக்கொள்வதும் அதன் வேலைகளில் முக்கியமானவை. அங்கே பிசகு ஏற்பட்டால், கரையில் வழக்கம்போல் பேசிச் சிரிக்கும் நாலு பேர்கூட ஒருவனுக்குப் புதிதாக, பொருள் பொதிந்தவர்களாக, தன்னைக் குறித்தே பேசுகிறவர்களாகத் தோன்றக்கூடும் என்பது நரம்பியலார் முன்வைக்கும் விளக்கங்களுள் ஒன்று. டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையின் ஆழத்தில் மிகுதியாகச் சுரப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. குரலையும் சந்தேகத்தையும் மாத்திரை தணிப்பது அந்த டோபமினின் வேகத்தைத் தடுப்பதன் மூலமாகத்தான்.

ஹிப்போகாம்பஸைத் தவிர, புலன்வழி வரும் செய்திகளைப் பிரித்தனுப்பும் தலாமஸ், நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணி (புறணி என்பது மூளையின் மேலடுக்கு), பேச்சொலியைக் கேட்டு உணரும் பொட்டுப் பகுதி, உடலுக்குள் நடப்பதை உணரும் இன்சுலா ஆகிய இடங்களிலும் இத்தகைய மெலிவு காணப்படுகிறது. பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்ணிற நரம்பிழைகளின் ஒழுங்கிலும் சிறு குறைவு தெரிகிறது. இந்தப் பட்டியலைவிட முக்கியமானது, இந்த வேறுபாட்டின் அளவு.

எனிக்மா என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு 2016இல் மனச்சிதைவு உள்ள 2,028 பேரின் மூளைப் படங்களையும், நோயில்லாத 2,540 பேரின் படங்களையும் ஒப்பிட்டது. மூளையின் உட்பகுதிகளில் மிகப் பெரிய வேறுபாடு கண்டது ஹிப்போகாம்பஸில்தான். அந்த மிகப் பெரிய வேறுபாட்டையே எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தால், நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, நோயில்லாதவர்களின் சராசரியைவிடப் பெரிய ஹிப்போகாம்பஸ் இருக்கிறது என்று வருகிறது. இந்த ஊர்க்காரர்கள் அடுத்த ஊர்க்காரர்களைவிடச் சராசரியில் ஒரு விரற்கடை உயரம் குறைவு என்று ஒருவர் அளந்து சொல்லலாம். அது மெய்யாகவும் இருக்கலாம். அதற்காக, எதிரில் நிற்கிற ஒரு மனிதரின் உயரத்தை மட்டும் பார்த்து அவர் எந்த ஊர் என்று சொல்லிவிட முடியுமா? ஆயிரக்கணக்கான படங்களைக் கணினியில் இட்டு மில்லிமீட்டரின் பகுதிகளை அளக்கும்போது வெளிப்படும் வேறுபாடு, கதிரியக்க மருத்துவர் ஒரேயொரு படத்தைக் கண்ணால் பார்க்கும்போது தெரிவதில்லை. அதனால்தான் உங்கள் தம்பியின் ரிப்போர்ட் அப்படி வந்தது. நோய் கண்ட பெரும்பாலோருக்கு அப்படித்தான் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பனார், நாட்டுப்படகு வைத்திருப்பவர், மகனின் எம்.ஆர்.ஐ. படங்களைத் தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். உப்புக் காற்று பட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இதுல எது நோயிங்க ஐயா?" என்று கேட்டார். நடுவில் சிறகு விரித்ததுபோல் கறுப்பாகத் தெரியும் நீரறைகளைக் காட்டினேன், பக்கவாட்டில் சுருண்டிருக்கும் ஹிப்போகாம்பஸைக் காட்டினேன், இரண்டுமே பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கின்றன என்றும் சொன்னேன். "அப்ப இவன் நடிக்கிறானா?" என்று கேட்டபோது அவர் குரலில் கோபம் இல்லை, நடிப்பாக இருந்துவிட்டால் தேவலை என்ற ஏக்கம்தான் இருந்தது. பையன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அன்று அவர் கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்ல எனக்கு நேரம் வாய்க்கவில்லை. அந்த மனக்குறை இதை எழுதும்போதும் இருக்கிறது.

படத்தில் தெரியாதபோது பிறகு ஏன் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சைக்கோசிஸ் போலவே தோற்றம் காட்டும் வேறு நோய்களை விலக்குவதற்காக. மூளைக்கட்டி, மூளையழற்சி, வலிப்பு நோயை உண்டாக்கும் தழும்பு, மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டி ஆகியவை சிலவேளை இதே அறிகுறிகளோடு தொடங்கும். முதல்முறை சைக்கோசிஸ் கண்ட 1,613 பேரின் எம்.ஆர்.ஐ. முடிவுகளைத் தொகுத்து 2023இல் வெளியான ஆய்வில், சிகிச்சையையே மாற்ற வேண்டிய அளவுக்கு ஏதேனும் தென்பட்டது நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்றுக் குறைவாகத்தான். உங்கள் தம்பி அந்த ஆறு பேரில் இல்லை என்பது நல்ல செய்தி. அதே சமயம், காய்ச்சல், வலிப்பு, நாள் கிழமை தெரியாத குழப்பம், உடல் விறைத்துப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் இந்த ரிப்போர்ட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் சில மூளையழற்சிகளில் தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ. சரியாகவே இருக்கும்.

இனி "சுருங்குகிறது" என்ற சொல்லுக்கு வருகிறேன். அச்சொல்லைக் கேட்டவுடன் முதியோருக்கு வரும் மறதி நோயில் நடப்பதுபோல மூளைச் செல்கள் செத்து உதிர்கின்றன என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் மனச்சிதைவில் அப்படிப்பட்ட பேரழிவைக் காணவில்லை. செல்கள் அழியும் இடத்தில் தழும்புபோல் திரளும் துணைச்செல்களும் அங்கே மிகுந்திருக்கவில்லை. முன்மூளையில் அவர்கள் கண்டது, நரம்புச் செல்களின் கிளைகளில் அரும்புபோல் இருக்கும் இணைப்பு முனைகள் குறைந்திருப்பதை. வலையோடு ஒப்பிட்டுச் சொன்னால், முடிச்சுகள் பெரும்பாலும் இருக்கின்றன, முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையே ஓடும் இழைகள் சில குறைந்திருக்கின்றன. இழை குறைந்த வலையைச் சுருட்டினால் கட்டு சிறிதாகத்தானே இருக்கும்?

இழைகள் ஏன் குறைகின்றன என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. குழந்தைப் பருவத்தில் மூளை தேவைக்கு அதிகமான இணைப்புகளை உண்டாக்கி வைத்துக்கொண்டு, வளரிளம் பருவத்தில் பயன்படாதவற்றைக் கழித்துவிடுகிறது. இது எல்லோருக்கும் நடக்க வேண்டிய இயல்பான செயல். சிலரிடம் இந்தக் கழிப்பு அளவு மீறிப் போகிறது என்ற கருத்து 1980களின் தொடக்கத்திலேயே முன்வைக்கப்பட்டது. 2016இல், நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் மனச்சிதைவுக்கான வாய்ப்பைக் கூட்டுவதும், எலிகளில் அதே மரபணு இணைப்புகளைக் கழிக்கும் வேலையில் பங்கு கொள்வதும் கண்டறியப்பட்டபோது அக்கருத்து வலுப்பெற்றது. முழுக் கதையும் இதுவன்று. பிறப்பின்போது நேரும் சிக்கல்கள், கஞ்சா, சிறுவயதுத் துன்பங்கள், தனிமை என வாய்ப்பைக் கூட்டும் காரணிகள் பல இருக்கின்றன. ஆனால் அம்மாவிடம் இவ்வளவையாவது சொல்லுங்கள்: அவர் வளர்த்த விதத்தால் இது வரவில்லை, செய்வினையாலும் வரவில்லை.

மாற்றம் நோய்க்கு முன்பே தொடங்குகிறதா என்பதற்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. மெல்போர்னில் கிறிஸ்டோஸ் பன்டெலிஸ் குழுவினர், நோய் வரும் அபாயம் மிகுந்தவர்கள் என்று கருதப்பட்ட 75 இளைஞர்களை முன்கூட்டியே ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களில் 23 பேருக்குப் பின்னர் சைக்கோசிஸ் வந்தது. 52 பேருக்கு வரவில்லை. வந்தவர்களுக்கு, வருவதற்கு முந்தைய படத்திலேயே பொட்டுப் பகுதியிலும் முன்மூளையின் சில இடங்களிலும் நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல் நிறத்திசு குறைவாக இருந்ததையும், நோய் தொடங்கியபின் எடுத்த படத்தில் மேலும் சில இடங்களில் குறைந்ததையும் 2003இல் வெளியிட்டார்கள். 2021இல் எனிக்மா கூட்டமைப்பு இத்தகைய அபாய நிலையிலிருந்த 1,792 பேரைத் திரட்டிப் பார்த்தபோதும், பின்னர் நோய் கண்ட 253 பேரிடம் புறணி சற்று மெலிந்தே காணப்பட்டது. ஆனால் வேறுபாடு மிகச் சிறியது, ஒருவருக்கு நோய் வருமா என்று குறி சொல்ல உதவாது. ஸ்கேன் எடுத்து நோயை முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெரியப்பா மகன் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்காவில் நான்சி ஆண்ட்ரியாசன் உள்ளிட்டோர் 211 நோயாளிகளைச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்துத் தொடர்ந்தார்கள். மருந்தின் அளவு கூடக்கூட மூளைத்திசுவின் கனஅளவு சிறிது கூடுதலாகக் குறைந்தது என்று 2011இல் அறிவித்தார்கள். நோயே இல்லாத குரங்குகளுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை இத்தகைய மருந்து கொடுத்த ஆய்வில், மூளையின் அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே மருந்துக்கும் பங்கு உண்டு.

எனினும் மருந்தே காரணம் என்று முடித்துவிட முடியாது. மாத்திரையைத் தொட்டே பார்க்காத நோயாளிகளிடமும் தலாமஸ் உள்ளிட்ட பகுதிகள் சிறுத்திருப்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அதே அமெரிக்கக் குழு 2013இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில், நோய் மீண்டும் முற்றி நீடித்த காலம் கூடக்கூடவும் திசு குறைகிறது என்று கண்டது. அளவு குறைவது எப்போதும் கேடு என்றும் சொல்வதற்கில்லை. உடலில் நீர் வற்றினாலும், மது அருந்தினாலும், எடை கூடினாலும், ஸ்கேன் கருவிக்குள் தலையை அசைத்தாலும்கூட அளவீடு மாறும். எதிர்த் தட்டில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 65 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது நூற்றுக்கு 27 பேருக்கு. மருந்தை வெற்று மாத்திரைக்கு மாற்றியவர்களில் 64 பேருக்கு. நோய் திரும்பும்போது படிப்பு நிற்கிறது, வேலை போகிறது, சிலர் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்கள். இரண்டையும் எடைபோட்டு நான் சொல்வது இதுதான்: மருந்து வேண்டும், பலன் தரும் அளவில் மிகக் குறைந்த அளவு வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மருந்துகளைக் குவிப்பதைத் தவிர்க்க வேண்டும். "அளவைக் குறைக்கலாமா?" என்று ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. கேட்டதற்காக எந்த மருத்துவரும் கோபப்படக் கூடாது.

"தாமதித்தால் மூளை அழிந்துவிடும்" என்று மிரட்டுகிறவர்களையும் நம்ப வேண்டாம். சிகிச்சையின்றிக் கழிந்த காலத்துக்கும் மூளையின் அளவுக்கும் உள்ள தொடர்பு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. குணமாகும் வேகத்துக்கும் அந்தக் காலத்துக்கும் உள்ள தொடர்புதான் உறுதியானது. சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகிறது. ஏழு மாதம் கைமீறிப்போன காலமன்று.

ஏர்வாடி பற்றி அம்மாவின் மனம் நோகாமல் பேசுங்கள். எல்லா மதத்தாரும் நம்பிக்கையோடு வந்து தங்கும் தர்கா அது. அவர் அங்கே போய் வேண்டிக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலருக்கு உங்கள் தம்பிக்கு இருப்பது போன்ற, மருந்தால் தணியக்கூடிய நோய்தான் இருந்திருக்கும் என்ற எண்ணம் இந்த மாவட்டத்தில் மருத்துவம் பார்க்கும் எவரையும் விடுவதில்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் துஆ என்னும் வேண்டுதலும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்று அரசு தனித் திட்டமே கொண்டுவந்தது. வேண்டுதலுக்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை என்பதை அம்மாவுக்குப் புரியவையுங்கள். இராமநாதபுரத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாதந்தோறும் மதுரைக்கு அலைய வேண்டாம். அவசரத்துக்கு 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

குடும்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல்முறை சைக்கோசிஸ் கண்டவர்களுக்குச் சென்னையிலும் கனடாவின் மான்ட்ரியாலிலும் ஒரே முறையில் இரண்டாண்டுகள் சிகிச்சை அளித்து ஒப்பிட்டபோது, குரல், சந்தேகம் போன்றவை இரு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்தன. ஆனால் ஒதுங்கிப்போவது, எதிலும் நாட்டமில்லாமை போன்றவை சென்னையில் கூடுதலாகச் சீரடைந்திருந்தன. அங்கே குடும்பத்தார் சிகிச்சையில் அதிகமாகக் கூட நின்றார்கள். அக்காவாக நீங்கள் செய்துகொண்டிருப்பது எந்த ஸ்கேனிலும் பதிவாகாது என்றாலும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

அடுத்த ஆண்டு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று யோசிக்காதீர்கள். புதிய அறிகுறி எதுவும் வராவிட்டால் தேவையில்லை. அந்தப் பணத்தை மாத்திரைக்கும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கும் எடை பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த மருந்துகளில் சில எடையையும் சர்க்கரையையும் கூட்டும்.

கடலுக்குப் போவதைப் பொறுத்தவரை, போகலாம், ஆனால் படிப்படியாக. முதல் சில வாரங்கள் மாத்திரையால் தூக்கமும் தளர்ச்சியும் இருக்கும். அப்போது படகில் நிற்பது ஆபத்து. குரல் அடங்கி, இரவில் ஏழெட்டு மணி நேரம் தூங்கத் தொடங்கியபின், கரையில் வலை சீர் செய்வதில் ஆரம்பிக்கட்டும். சாடை பேசுகிறார்கள் என்று அவன் சந்தேகப்பட்ட அதே ஆட்களோடு, நீங்களோ மாமாவோ பக்கத்தில் இருக்க, தினம் ஒரு மணி நேரம் போதும். அடுத்து, விடியலில் போய் மதியத்துக்குள் திரும்பும் வள்ளத்தில், விவரம் தெரிந்த இருவரோடு. குடிநீர் கூடுதலாக எடுத்துப் போக வேண்டும், இந்த மாத்திரைகள் வெயில் தாங்கும் திறனைக் குறைக்கும். இரவு முழுக்கக் கண்விழிக்க வேண்டிய விசைப்படகுத் தொழிலை மட்டும் ஓராண்டுக்காவது தள்ளி வையுங்கள். தூக்கம் கெடுவதைப்போல நோயைத் திருப்பிக் கொண்டுவருவது வேறொன்று அரிது. மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது, எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான் என்று நாள்வாரியாக ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.